பாடும் படங்களும் பாடும் மீன்களும்

தமிழில் முதன்முதலாக வெளிவந்த ஒலிப்படங்களைப் பேசும்படங்கள் என்று மக்கள் வழங்கினர். உண்மையை நோக்கின் அவை பேசியது சிறிது, பாடியதே பெரிது. 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 31ஆம் நாள் வெளிவந்த 'காளிதாஸ்' என்னும் படத்தில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் இருந்தன என்பர். கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழிற் பேசினார். கதாநாயகர் தெலுங்கிற் பேசினார். இடையிடையே தியாகராஜர் கீர்த்தனைகளும், கதைக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத தேசபக்திப் பாடல்களும் ஒலித்தன. காளிதாசன் காலத்துக் கதையிற் காந்தியடிகள் காலத்துப் பாட்டு எங்ஙனம் புகுந்தது என்று அக்காலத்து மக்கள் வினவவில்லை. திரையிலிருந்து தமிழ்ப் பாட்டொலி எழுந்ததே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

இச்செய்தி தமிழுக்கு மட்டும் உரியதன்று. உலகின் முதற் பேசும்படம் என்று புகழப்படுகின்ற 'ஜாஸ் சிங்கர்' 1927இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, அதுவும் ஒரு பாடகனின் கதையாகவே அமைந்தது. இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச்சு 14இல் வெளிவந்தது. அதில் ஏழு பாடல்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த 'இந்திரசபா' என்னும் இந்திப் படத்திலோ பாடல்கள் எழுபதுக்கும் மேற்பட்டன. எந்த நாட்டிலும் படம் வாய் திறந்தவுடன் முதலிற் பாடத் தொடங்கியது என்பது இதனாற் புலனாகும்.

இத்தகைய செய்திகளை வினாவிடைப் போட்டிகளிலே கேட்பதும், திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் கூடியிருந்து ஒருவரையொருவர் மடக்குவதும் பலருக்கு இனிய பொழுதுபோக்கு. முதற்படம் எது, அதிகப் பாடல் கொண்ட படம் எது, பாட்டே இல்லாத படம் எது என்னும் வினாக்களைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் ஒதுக்குவர். ஆயினும் ஒவ்வொரு சிறு செய்தியின் பின்னும் ஒரு சமுதாயத்தின் வரலாறு ஒளிந்து நிற்கிறது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் மக்களுக்கு அவ்வரலாறு அயலார் வரலாறும் அன்று. அவர்தம் களரியோடும் கோயிலோடும் நீரோடும் தொடர்புடையது.

முதற்கண், அக்காலப் படங்களில் இத்துணைப் பாடல்கள் ஏன் இருந்தன என்பதை ஆராய்தல் வேண்டும். அவை மேடையிலிருந்து நேரே திரைக்குப் பெயர்த்து நடப்பட்ட நாற்றுக்கள். சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் யாத்த நாடகங்களிலே அரசனும் பாடினான், வேடனும் பாடினான், சண்டையிடுவோரும் பாடிக்கொண்டே சண்டையிட்டனர். அந்த மேடையிலே பெயர் பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் நடித்த 'பவளக்கொடி' நாடகத்தையே கே. சுப்பிரமணியம் 1934இற் படமாக்கினார். அதிலும் பாடல்கள் ஐம்பது அளவில் இருந்தன. கதையை மக்கள் முன்னரே அறிவர். ஆதலின் கதை கேட்க வந்தோர் சிலர், பாட்டுக் கேட்க வந்தோரே பலர்.

மட்டக்களப்பிலே விடியவிடியக் கூத்துப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இதில் வியப்பு யாதுமில்லை. வட்டக் களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்தை முழக்கி நிற்க, ஒவ்வொரு கூத்தரும் தமக்குரிய வரவுப் பாட்டோடுதான் களரிக்கு வருவார். அரசனுக்கு ஒரு வரவு, அரசிக்கு ஒரு வரவு, கட்டியகாரனுக்கு ஒரு வரவு. வடமோடியாயினும் தென்மோடியாயினும் கதை நடப்பது பாட்டினாலும் ஆட்டத்தினாலுமே. வசனம் அவற்றை இணைக்கும் நூல் மட்டுமே. எனவே, திரையிலே கதாநாயகன் பேச்சை நிறுத்திவிட்டுத் திடீரெனப் பாடத் தொடங்கியபோது மேல்நாட்டு விமரிசகர் முகஞ்சுளித்திருக்கலாம். கூத்தறிந்த மக்களுக்கோ அது பழகிய வழக்கமாகவே தோன்றியிருக்கும்.

இலங்கைக்கும் அந்த இசைநாடக உலகுக்கும் இருந்த உறவிற்கு ஒரு சான்று கே. பி. சுந்தராம்பாள் வரலாறு. பெரும் பாடகராகிய எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் முதலில் இணைந்து நடித்தது தமிழகத்திலன்று, 1926இற் கொழும்பிலேயே. அடுத்த ஆண்டு அவர்கள் மணம் புரிந்தனர். 1933இற் கிட்டப்பா இளமையிலேயே மறைந்தார். வெள்ளை உடுத்து, மேடையைத் துறந்து ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைக்கு அழைத்து வந்தது. அவர் ஏற்றது பெண் வேடமன்று, நந்தனார் வேடம். அவருக்கு வழங்கப்பட்ட ஊதியம் ஓர் இலட்சம் ரூபா. ஒரு குரலுக்கு அக்காலத்தில் இருந்த விலையை இத்தொகை காட்டுகிறது. அதே சமயம், துயரால் அடைபட்ட ஒரு பெண்ணின் குரல் மீண்டும் உலகிற்கு வர ஓர் ஆணின் வேடம் தேவைப்பட்டது என்பதையும் அது காட்டுகிறது.

பெண்டிரைப் பற்றிப் பேசுமிடத்து மற்றுமிரு செய்திகள் நினைவிற்கொள்ளத் தக்கன. சென்னையிலேயே உருவாக்கப்பட்ட முதற் பேசும்படம் 1934இல் வெளிவந்த 'ஸ்ரீநிவாச கல்யாணம்'. அதனை எடுத்த ஏ. நாராயணனின் துணைவியார் மீனா நாராயணன் ஒலிப்பதிவுக் கலையைப் பயின்று, இந்தியாவின் முதற் பெண் ஒலிப்பதிவாளர் எனும் பெயரைப் பெற்றார். எம். எஸ். சுப்புலட்சுமி 1938இல் 'சேவாசதனம்' வழியே திரைக்கு வந்து, 'சகுந்தலை', 'சாவித்திரி', 'மீரா' என நான்கே தமிழ்ப் படங்களில் நடித்து விலகினார். 1941இல் வெளிவந்த 'சாவித்திரி'யிலே நாரதர் வேடம் பூண்டதற்குக் கிடைத்த ஊதியமே 'கல்கி' வார இதழ் தோன்றுவதற்கு முதலாயிற்று. ஒரு படத்தின் பாட்டு ஒரு பத்திரிகையைப் பெற்றெடுத்தது.

ஆண்களுள் பாகவதர் பெற்ற புகழுக்கு ஈடு கூறுதல் அரிது. அவர் நடித்த 'சிந்தாமணி' 1937இலும், 'அசோக்குமார்' 1941இலும், 'சிவகவி' 1943இலும் வெளிவந்தன. 1944ஆம் ஆண்டுத் தீபாவளியில் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே படமாளிகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்களும், ஜி. ராமநாதனின் இசையும், பாகவதரின் குரலும் ஒன்றுகூடிய படம் அது. ஆனால், படம் ஓடிக்கொண்டிருந்த காலத்திற் பெரும்பகுதி பாகவதர் சிறையில் இருந்தார். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் அவரும் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டு, 1947இல் விடுதலையாயினர். உள்ளே பாடகர் அடைபட்டிருக்க வெளியே அவர் பாட்டு அடைபடாமல் உலவியது. விடுதலையாகி வந்த பின் அவர் நடித்த படங்களுக்குப் பழைய வரவேற்புக் கிடைக்கவில்லை. அதற்குள் திரையிசையின் முறையே மாறத் தொடங்கியிருந்தது.

மாறியது யாது? தொடக்கத்திலே நடிப்பவரே பாடவேண்டும். அதுவும் படம் எடுக்கும்போதே பாடவேண்டும். பக்கவாத்தியக்காரர் மரத்தின் பின்னும் திரைச்சீலையின் பின்னும் ஒளிந்திருந்து வாசிப்பர். ஆதலின், அழகும் நடிப்பும் இருந்தும் குரல் இல்லாதவர் நடிகராக முடியவில்லை. இக்கட்டை அவிழ்த்தது பின்னணிப் பாடல் முறை. 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் ஒரு நடிகைக்காகப் பாடியது தமிழில் அம்முறைக்குத் தொடக்கம் என்பர். 1945இல் வந்த 'ஸ்ரீ வள்ளி'யில் நடிகை ருக்மிணி பாடிய பாடல்களை ஏவி. மெய்யப்பன் நீக்கி, அவ்விடத்தில் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். அதன் பின்னர் முகம் ஒருவருடையதாகவும் குரல் மற்றொருவருடையதாகவும் அமைவது வழக்கமாயிற்று.

ஈண்டு மட்டக்களப்புக் கூத்தை மீண்டும் நோக்குதல் பயன் தரும். களரியிலே கூத்தர் பாடத் தொடங்குவார். ஆனால் கனத்த உடுப்போடும் முடியோடும் சுழன்று ஆடும்போது மூச்சு எவ்வளவு நேரம் பாட்டிற்கு உதவும்? ஆகவே பிற்பாட்டுக்காரர் பாட்டை ஏற்றுக்கொள்வர். கூத்தர் ஆட்டத்தில் இறங்குவார். ஆடும் உடம்பிற்கும் பாடும் மூச்சிற்கும் உள்ள முரண்பாட்டை, ஒலிப்பதிவுக் கருவி தோன்றுவதற்குப் பன்னெடுங்காலத்திற்கு முன்பே கிராமத்து அண்ணாவிமார் தீர்த்து வைத்துவிட்டனர். வேறுபாடு ஒன்றே. கூத்திலே பிற்பாட்டுக்காரர் சபையோர் கண்முன் நிற்பர். திரையிலோ மறைந்து நிற்பர்.

மறைந்து நிற்றல் சிலருக்கு அநீதியாகவும் முடிந்தது. 1949இல் வந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் இசைத்தட்டிலே லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதையில் வரும் பாத்திரத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. ஹொலிவூட்டில் மார்னி நிக்சன் என்னும் பாடகி 'கிங் அண்ட் ஐ', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'மை ஃபெயர் லேடி' ஆகிய புகழ்பெற்ற படங்களில் மூன்று நடிகையருக்காகப் பாடியும், அப்படங்கள் வெளிவந்த காலத்தில் அவர் பெயர் திரையிற் காட்டப்படவில்லை. தமிழுலகம் இவ்வகையிற் சற்றுப் பெருந்தன்மை உடையது. டி. எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் நடிகருக்கு நிகராகவே மக்கள் போற்றினர். சுசீலா பாடிய பாடல்களுள் 17,695 பாடல்களைக் கணக்கிட்டு 2016இற் கின்னஸ் நூல் அவர் பெயரைப் பதிந்தது.

1947ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே தனிச் சிறப்புடையது. அவ்வாண்டு வெளிவந்த 'நாம் இருவர்' பாரதியார் பாடல்களை டி. கே. பட்டம்மாளின் குரலிலே பட்டிதொட்டியெங்கும் பரப்பியது. அதே ஆண்டு சனவரி 21இல் முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' கொழும்பில் வெளியாயிற்று. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் உருவானது மதுரையில். கதாநாயகியாகப் பாடி நடித்த ருக்மணி தேவி, டெய்சி ராசம்மா என்னும் பெயரோடு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். அவ்வாண்டு யூன் மாதத்திலேதான் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்' திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார். மறைந்துபோன யாழை ஒருவர் நூலினுள் மீட்டெடுத்த ஆண்டும், இரு மொழிகளிலே திரையிசை புதுவழி கண்ட ஆண்டும் ஒன்றாயிருத்தல் சிந்திக்கத்தக்கது.

யாழ் நூலின் அடித்தளம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. அக்காப்பியத் தலைவியாகிய கண்ணகிக்கு மட்டக்களப்புப் பகுதியெங்கும் கோயில்கள் உண்டு. வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி வழக்குரை ஆங்குப் பாடப்படுகிறது. அதே கதையைத் திரையுலகம் 1942இற் 'கண்ணகி' எனவும் 1964இற் 'பூம்புகார்' எனவும் படமாக்கியது. பின்னதில் கவுந்தியடிகளாக நடித்தவர் முன்னர்க் குறிப்பிட்ட சுந்தராம்பாளே. ஒரே கதை கோயிலிலே வழிபாடாகவும், படமாளிகையிலே கலைநிகழ்ச்சியாகவும் பாடப்பட்டது. கேட்ட மக்களோ பெரும்பாலும் ஒரே மக்கள்.

1948இல் எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' பெருமுரசுகளின் மேல் ஆடும் நடனத்தோடு வெளிவந்து, தென்னாட்டுப் படம் வடநாட்டையும் வெல்லலாம் என்று காட்டியது. ஆறு ஆண்டு கழிந்து, 1954இல், ஏவி. எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' பாடலே இல்லாமல் வெளிவந்தது. அதனை இயக்கியவர் எஸ். பாலசந்தர், உலகறிந்த வீணை வித்துவான். இசையை நன்கு அறிந்தவரே இசை எவ்விடத்தில் வேண்டியதில்லை என்பதையும் அறிவார் போலும்.

அக்காலத்தில் வானொலியிலும் ஒரு போராட்டம் நிகழ்ந்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் செவ்விய இசைச் சுவையைக் கெடுக்கும் என்று கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து அவை மறைந்தன. பாட்டை விரும்பிய மக்கள் என் செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பி இலங்கை வானொலிக்கு வந்தனர். இந்தியிலே அமீன் சயானியின் குரலும், தமிழிலே எஸ். பி. மயில்வாகனம், பின்னாளிற் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களும் பாக்கு நீரிணையைக் கடந்து சென்று தமிழக இல்லங்களிலே குடிபுகுந்தன. 1957இல் இந்தியா 'விவித பாரதி' என்னும் சேவையைத் தொடங்கித் திரைப்பாடலை மீண்டும் அழைத்துக்கொண்டது. தடுப்பதனால் ஒரு கலை அழியாது, வேறு வாயிலைத் தேடிக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

கேஸ்கர் அஞ்சியவாறு திரை செவ்விய இசையை அழித்துவிட்டதா? 1962இற் 'கொஞ்சும் சலங்கை'யிலே காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்தபோது, சங்கீத சபையை மிதித்தறியாத உழவரும் மீனவரும் நாகசுரத்தின் நுட்பத்தைச் சுவைத்தனர். 1968இற் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர் வாசித்த நாகசுரம் அக்கதையின் உயிராக விளங்கியது. இந்தியாவில் இசையமைப்பிற்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றது ஒரு தமிழ்ப் படமே. 1967இல் வந்த 'கந்தன் கருணை'. இசையமைத்தவர் கே. வி. மகாதேவன்.

பின்னர் 1976இல் 'அன்னக்கிளி' வழியே இளையராஜா கிராமத்து மெட்டுக்களைத் திரையில் ஏற்றினார். 1985இல் வந்த 'சிந்து பைரவி' கர்நாடக வித்துவான் ஒருவரை, சபையோருக்குப் புரியும் தமிழிற் பாடலாகாதா என்று ஒரு பெண் வினவுவதை மையமாகக் கொண்டது. 1992இல் 'ரோஜா' மூலம் ஏ. ஆர். ரகுமான் முதற்படத்திலேயே தேசிய விருது பெற்றார். இவ்வாறு இசை வளர்ந்தபோதும் எண்ணிக்கை குறைந்தே வந்தது. ஐம்பது பாடல்கள் இருந்த இடத்தில் இருபது, பின் பத்து, பின் ஐந்தாறு. கூத்திற்கும் இஃதே நிகழ்ந்தது. இரவு முழுதும் ஆடப்பட்ட கூத்தை, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இற் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' எனச் சுருக்கிச் செப்பனிட்டு நகரத்து மேடைக்கு ஏற்றினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் கலை அவ்வழியே நாடறிந்ததாயிற்று. கர்ணன் கதை கூத்தாக மேடையேறிய இரண்டு ஆண்டுகளில், 1964இல், விசுவநாதன், ராமமூர்த்தி இசையில் 'கர்ணன்' திரைப்படமாகவும் வந்தது. காலம் இரு கலைகளையும் ஒரே கத்தரிக்கோலாற் கத்தரித்தது எனலாம்.

பாட்டில்லாத படத்தைப் பற்றிக் கூறியபோது கூறாது விட்ட செய்தி ஒன்றுண்டு. மட்டக்களப்பு நகரின் அயலிலுள்ள அமிர்தகழியில் 1939இற் பிறந்தவர் பாலு மகேந்திரா. இலங்கையிற் 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பை மாணவப் பருவத்திலே காணும் வாய்ப்புப் பெற்று, புனே திரைப்படக் கல்லூரியிற் பயின்று, ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் உயர்ந்தவர் அவர். 1982இல் வந்த அவருடைய 'மூன்றாம் பிறை'யிலே ஒலிக்கும் தாலாட்டே கவிஞர் கண்ணதாசன் இறுதியாக எழுதிய திரைப்பாடல் என்பர். ஆயினும் 1988இல் அவர் அளித்த 'வீடு' என்னும் படத்தில் ஒரு பாடலும் இல்லை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஒரு சிறு வீடு கட்டப் படும் பாட்டையே அவர் காட்டினார். பாடல் அங்கே பொருந்தாது என்று துணிந்தார். மீன் பாடும் நாட்டிற் பிறந்தவர் பாட்டில்லாப் படம் எடுத்தது முரண்போல் தோன்றும். ஆனால், வாவியின் இசையைக் கேட்க விரும்புவோர் முதலிற் பேசாதிருத்தல் வேண்டும் என்பதை மட்டக்களப்பார் அறிவர்.

கல்லடிப் பாலத்தின் அயலிலே நிலவு நாட்களில், காற்றும் அலையும் அடங்கிய வேளையில், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதிலே பொருத்தினால் அவ்விசை கேட்கும் என்பது வழிவழி வந்த செய்தி. 1848இல் எமர்சன் டெனன்ட் என்னும் ஆங்கில அதிகாரி அதனைக் கேட்டு, தாம் எழுதிய இலங்கை வரலாற்று நூலில் விரித்துரைத்தார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவும்போது எழும் ஒலிக்கு அதனை அவர் ஒப்பிட்டார். அப்பகுதி மீனவர் அது மீனின் பாட்டன்று, ஊரி என்னும் சிப்பியின் ஒலி என்று அவரிடம் கூறினர். விபுலாநந்தர் அவ்விசையை நீரர மகளிரின் பாடலாகக் கற்பனை செய்து யாழ் நூலிலே இடம் அளித்தார். 1960களில் லாங் என்னும் கத்தோலிக்கத் துறவி அவ்வொலியைப் பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலே ஒலித்தது. பாடுவது எவ்வுயிர் என்று இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. முகம் காட்டாது பாடும் பின்னணிப் பாடகரை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. அவர் வாவியின் அடியிலேயே உள்ளார்.

இச்செய்திகள் எல்லாவற்றையும் தொகுத்து நோக்கும்போது ஒரு கவலை எழுகிறது. 'காளிதாஸ்' படத்தின் பிரதி உலகில் எங்கும் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் ஓடிய 'சிந்தாமணி'யும் அவ்வாறே அழிந்தது. அவற்றைப் பற்றி இன்று கூறப்படுவன பல, படமாளிகை வாயிலிற் சில காசுகளுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களாலும், பழைய விளம்பரங்களாலும், இசைத்தட்டுக்களாலும், கேட்டோர் நினைவாலும் எஞ்சியவையே. பெரும் பொருள் செலவிட்டு எடுத்த படம் அழிந்தது. மடியிற் செருகி வந்த சிறு புத்தகம் நின்றது.

மட்டக்களப்பிற்கோ இக்கவலை இருமடங்கு. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியும், நெடிய போர்க்காலமும், 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும் கூரைகளையும் உயிர்களையும் மட்டும் கொண்டு செல்லவில்லை. வீட்டுப் பெட்டகங்களிலே இருந்த கூத்து ஏடுகளும், கையெழுத்துக் கொப்பிகளும், இசைத்தட்டுக்களும், பாட்டுப் புத்தகங்களும் அவற்றோடு சென்றன. அண்ணாவியார் ஒருவர் மறையும்போது அவர் நெஞ்சில் மட்டும் இருந்த வரவுப் பாட்டுக்களும் மறைகின்றன. திரைப்பாடல்களை நாடெங்கும் பலர் சேமித்து வைத்திருப்பர். படுவான்கரைக் கிராமம் ஒன்றின் கூத்துப்பாடலை அக்கிராமத்தார் சேமியாவிடின் வேறு யார் சேமிப்பர்?

திரைப்பாட்டு வந்து கூத்துப்பாட்டை விழுங்கிவிட்டது என்று முறையிடுவோர் உண்டு. அம்முறையீட்டில் ஓரளவு உண்மையும் உண்டு; களரியிலேயே திரை மெட்டுக்கள் புகுந்த நிகழ்ச்சிகளை முதியோர் கூறுவர். ஆயினும் இரண்டும் பகைவர் அல்ல என்பதை மேற்கூறிய வரலாறு காட்டும். திரைப்பாட்டு இசைநாடகத்தின் பிள்ளை. இசைநாடகமும் கூத்தும் ஒரே குடும்பத்தார். பிள்ளையின் பெயரை அறிந்தவன் பாட்டன் பெயரை மறந்திருப்பதே குறை. அக்குறையைத் தீர்க்கும் வழி பிள்ளையை வெறுப்பதன்று, பாட்டனைக் கேட்டறிவதே.

ஆதலின், வினாவிடை விளையாட்டை இழிவென்று தள்ளாமல் அதனையே ஒரு கருவியாகக் கொள்ளலாம். வாவியின் இருகரைகளிலும் உள்ள பாடசாலைகளிலே பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலுள்ள முதியோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு வருதல் கூடும். சிறு வயதிற் கேட்ட பாட்டுக்களுள் மறவாத பாட்டு எது? அது படத்திலிருந்து வந்ததா, கூத்திலிருந்து வந்ததா, கோயிற் சடங்கிலிருந்து வந்ததா? அதனைக் கற்பித்தவர் யார்? விடையை ஒரு கொப்பியில் எழுதி, பாட்டை ஒலிப்பதிவு செய்து, பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் குறித்து வைத்தால் போதுமானது. இக்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஏறத்தாழ ஒவ்வொரு கையிலும் உள்ளது. மீனா நாராயணன் கனத்த கருவிகளோடு பட்ட இடர் இன்றைய மாணவருக்கு இல்லை. இசைத்தட்டிலே பாடகியின் பெயரை மறந்தவர்கள் செய்த தவறு மீண்டும் நிகழாதிருக்க, பாடுபவரின் பெயரை முதலில் எழுதுதல் வேண்டும்.

இவ்வாறு ஒரு வகுப்பில் முப்பது மாணவர் முயன்றால் முப்பது பாட்டுக்கள் கிடைக்கும். அவற்றுட் பாதி திரைப்பாடல்களாக இருப்பினும் குற்றமில்லை. எஞ்சிய பாதியிலே வேறெவரும் எழுதிவையாத ஒரு வரவுப் பாட்டு இருக்கக்கூடும். ஒரு குளிர்த்திப் பாட்டு இருக்கக்கூடும். பாடத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் ஊர்தோறும் உள்ளனர். வைகாசிச் சடங்கு வருமுன் அவர்களிடம் சென்று கேட்டல் நன்று.